தோள் காதருகே ஏறும்போது: மாத்திரையா, மூச்சா, நடையா, வாட்ச்சா?

"ஏனுங்க, தோளு ரெண்டும் காதுகிட்டப் போயிருச்சு, கொஞ்சம் இறக்குங்க" என்று என் மனைவி சொன்னது ஒரு மாதத்தின் 10ஆம் தேதி இரவு, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால். இறக்கிப் பார்த்தேன். நிஜமாகவே இரண்டு விரல் அளவுக்கு இறங்கியது. அதுவரை தூக்கிப் பிடித்திருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது.

திருப்பூரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை எனக்கு. எங்களுக்குக் கிழமை பெரிதில்லை, தேதிதான் எல்லாம். மாதாமாதம் கெடு இப்படி: 7 டிடிஎஸ் (பிடித்த வருமான வரி), 11 ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைக் கணக்கு), 15 பிஎஃப், இஎஸ்ஐ, 20 3பி (ஜிஎஸ்டி வரிக் கணக்கு). பனியன் கம்பெனிக்காரர்கள் அந்த மாதத்து பில்லை எல்லாம் 10ஆம் தேதி சாயங்காலம் வாட்ஸப்பில் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். அதில் பாதி சாய்ந்திருக்கும், மீதியில் கட்டைவிரல் விழுந்திருக்கும். இப்படியே ஏழெட்டு வருஷம். கழுத்துப் பிடிப்பு, நெஞ்செரிச்சல், விடிகாலை 3 மணிக்கு முழிப்பு என்று மூன்றும் வந்தன. மூன்றும் வேறுவேறு நோய் என்று நினைத்து மூன்றுக்கும் தனித்தனியாகச் செலவு செய்துகொண்டிருந்தேன். கழுத்துக்குத் தலையணை மாற்றினேன். நெஞ்செரிச்சலுக்குக் காரத்தைக் குறைத்தேன். தூக்கத்துக்கு மெத்தை விலை விசாரித்தேன். மனைவி சொன்ன அன்றுதான் மூன்றையும் மன அழுத்தம் என்ற ஒரே கயிற்றில் கட்டிப் பார்க்கத் தோன்றியது.

மனம் பதறினால் உடம்பில் தெரியும் என்பது நம் பேச்சில் எப்போதும் இருந்திருக்கிறது. பயம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும், நெஞ்சு பக்கென்று அடித்துக்கொள்ளும், நாக்கு ஒட்டிக்கொள்ளும், கை கால் ஓடாது. உடம்புக்குள் நடப்பதை அப்படியே எடுத்துச் சொல்லும் பேச்சு இது. வால்டர் கேனன் என்ற அமெரிக்கர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஹார்வர்டில் மருத்துவ மாணவராக இருந்தபோது, பூனைகளின் வயிறு எப்படி அசைகிறது என்று எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை மிரண்டதும் வயிற்றின் அசைவு சட்டென்று நின்றுவிட்டது. அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு போய்த்தான், ஆபத்து என்றால் உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிறது என்று பின்னால் எழுதினார். அட்ரினலின் என்ற ஹார்மோன் சில நொடிகளில் வேலையைத் தொடங்கிவிடும். செரிமானம் நிற்கும், வாய் வறளும், மூச்சு மேல்நெஞ்சுக்கு ஏறும், தோளும் தாடையும் இறுகும். கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் கொஞ்சம் பின்தங்கி வந்து இந்த நிலையை இழுத்துப் பிடிக்கும். புலி வந்தால் ஓடிவிட்டு அடங்கிவிடலாம். வாட்ஸப் போட்டோவைப் பார்த்து எங்கே ஓடுவது? நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறோம், தயாரான தசை தயாராகவே நிற்கிறது.

சரி, என்ன செய்வது? யாரைக் கேட்டாலும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருவர் மாத்திரை, ஒருவர் யோகா, ஒருவர் மூச்சுப் பயிற்சி, தம்பி முறை ஆகிற ஒருவன் பத்தாயிரம் ரூபாய் வாட்ச். ஒவ்வொன்றையும் கொஞ்ச நாள் செய்து பார்த்தவன் என்ற முறையில் எதற்கு எது என்று எழுதுகிறேன். ஆனால் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால், அறிகுறி என்ன என்பதோடு எப்போது வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நான் இதைப் பார்க்காமல் போனதால்தான் அத்தனை வருஷம் வீணானது.

பால் கணக்கு எழுதுகிற மாதக் காலண்டரிலேயே குறித்தேன். கழுத்துக்கு 'க', வயிற்றுக்கு 'வ', தூக்கத்துக்கு 'தூ', தலைவலிக்கு 'த'. பக்கத்தில் காலையா மாலையா என்று ஒரு புள்ளி. ஒரு மாதம் முடிந்ததும் பார்த்தால், 11ஆம் தேதி வரும் என்று நான் நினைத்திருந்த கழுத்துப் பிடிப்பு 9ஆம் தேதி மாலையே வந்து உட்கார்ந்திருக்கிறது. அதாவது வேலை வருவதற்கு முன்பே, வரப்போகிறது என்ற நினைப்புக்கே. தலைவலி 20ஆம் தேதி வரவில்லை. எல்லாம் முடிந்து நிம்மதியாக இருக்க வேண்டிய 21ஆம் தேதி வந்திருக்கிறது. மைக்ரேன் உள்ளவர்களுக்கு இது பழகின கதை; அழுத்தம் இறங்குகிற நேரத்தில்தான் அவர்களில் பலருக்கு வலி கிளம்பும். 'வ' விழுந்த நாளெல்லாம் மதியச் சாப்பாடு 3 மணிக்கு மேல் தள்ளிப்போன நாள். இத்தனையும் பென்சில் செலவில் தெரிந்துகொண்டது.

குறிக்கும்போது சிறிய அறிகுறிகளையும் விட வேண்டாம். சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். உதடு மூடியிருக்கலாம், பல் ஒட்டக் கூடாது. காலையில் எழுந்ததும் தாடை வலித்தால் இரவில் கடித்திருக்கிறோம். கண் இமை துடிப்பது இன்னொன்று. இடது கண்ணா வலது கண்ணா என்று பலன் பார்க்கிறோம். பெரும்பாலும் அது தூக்கக் குறைவும் காபியும் களைப்பும் சேர்ந்து செய்வது. உள்ளங்கை ஈரம், அடிக்கடி பாத்ரூம், காரணமில்லாமல் பெருமூச்சு, குழந்தை ஒரு கேள்வி கேட்டதற்கே எரிந்து விழுவது என்று இன்னும் சில இருக்கின்றன. கடைசியில் சொன்னது உடம்பின் அறிகுறி இல்லைதான். ஆனால் வீட்டில் எல்லோருக்கும் முதலில் தெரிவது அதுதான்.

இனி ஒப்பீடு. முதலில் மருத்துவர். இதை மற்றவற்றோடு போட்டியில் வைக்கவே கூடாது, ஒரு முறை போய்விட்டுத்தான் மற்றதெல்லாம். எங்கள் ஆபீஸில் ஒரு தங்கச்சிக்கு நாலைந்து மாதமாகப் படபடப்பு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். "டென்ஷன், வேற ஒண்ணுமில்ல" என்று நாங்கள் எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னோம். ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே இருந்தது. இரும்புச்சத்து மாத்திரையில் படபடப்பு போய்விட்டது. நாங்கள் சொன்ன வைத்தியத்தைக் கேட்டிருந்தால் இன்னும் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருப்பாள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை. குறட்டை விட்டுத் தூங்கி எழுந்து காலையில் தலை வலிப்பவருக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். கழுத்து வலி கைக்கு இறங்கி விரல் மரத்தால் அது தசை இறுக்கம் என்று சும்மா இருக்கக் கூடாது. ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு, மருத்துவர் சொன்னால் ஒரு ஈசிஜி. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காசில்லாமல் பார்க்கலாம். நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, கூடவே வியர்வை என்றால் 'கேஸ்தான்' என்று சோடா குடிக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். இதுவரை வராத மாதிரி திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலிக்கும், ஒரு பக்கம் கை கால் பலவீனமாவதற்கும், கறுப்பாக மலம் போவதற்கும் அதே அவசரம்தான்.

அங்கே எல்லாம் சரி என்று வந்துவிட்டால், அடுத்து நாம் எல்லோரும் முதலில் போய் நிற்கிற இடம், மெடிக்கல் ஷாப். மாத்திரையை நான் திட்டப்போவதில்லை. 11ஆம் தேதி இரவு 9 மணிக்குத் தலை வலித்தால் ஒரு பாராசிட்டமால் வேலை செய்யும், அரை மணி முக்கால் மணியில். விலையும் இதைவிட மலிவாக எதுவும் இல்லை. சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. தலைவலிக்காரர்கள் சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால், அந்த மாத்திரையே தினசரித் தலைவலிக்குக் காரணமாகிவிடலாம். இரண்டு மூன்று மருந்து கலந்த வலி மாத்திரை என்றால் 10 நாளே போதும். காலண்டரில் மாத்திரைக்கும் ஒரு 'மா' போட்டேன். எண்ணிப் பார்த்தபோது எனக்கு 9 வந்தது. கொஞ்சம் திக்கென்றுதான் இருந்தது.

இன்னொரு விஷயம். பதற்றத்தில் ஏற்கெனவே எரிகிற வயிற்றில், சாப்பிடாமல் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரை போடுவது எரிகிற அடுப்பில் இன்னொரு விறகு. அதைத் தணிக்கக் கூடவே அமிலத்தைக் குறைக்கும் ஒரு பேன்டாப்ரசோல். அதை வருஷக் கணக்கில் போட்டால் பி12 வைட்டமின் குறைய வாய்ப்புண்டு. ஒரு கழுத்துப் பிடிப்பு எத்தனை மாத்திரையை வீட்டுக்குக் கூட்டி வருகிறது பாருங்கள். தூக்கத்துக்கு என்று சிலர் கைமாற்றிக்கொள்ளும் அல்பிரசோலம் வகை மாத்திரையை மட்டும் இந்த ஒப்பீட்டிலேயே சேர்க்க மாட்டேன். மருந்துச் சட்டத்தில் அது எச்1 பட்டியலில் இருக்கிறது. சீட்டில்லாமல் விற்கவே கூடாது, விற்றதையும் தனிப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். சில வாரங்களிலேயே உடம்பு அதைக் கேட்க ஆரம்பித்துவிடும். மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்து, எப்போது நிறுத்துவது என்றும் சொல்லியிருந்தால் அது வேறு கதை. தைலத்துக்கு என் ஓட்டு உண்டு. மெந்தால் தரும் குளிர்ச்சி ஒரு பக்கம், தேய்க்கும் கை இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் பெரிய பங்கு என்று நினைக்கிறேன்.

டீயை யாரும் ஒரு வழியாகக் கணக்கில் வைப்பதில்லை. ஆனால் எங்கள் தெருவில் அதிகம் பேர் எடுக்கும் மருந்து அதுதான். 11 மணி, 4 மணி, வேலை நாள் என்றால் இரவு 8 மணிக்கும் ஒன்று. காபியோ டீயோ, உடம்பில் போன கஃபீனில் பாதி கழியவே சுமார் 5 மணி நேரம் ஆகும். இரவு 8 மணி டீயில் பாதி நள்ளிரவு 1 மணிக்கும் உள்ளே இருக்கிறது. அப்புறம் நடுநிசியில் குறைந்திருக்கும் கார்டிசால் விடிகாலை நெருங்க மெல்ல ஏறத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு 3 மணிக்கு விட்டத்தைப் பார்த்துக் கிடந்தது நான். 8 மணி டீயை நிறுத்தினேன். 'தூ' பாதியாகக் குறைந்தது. செலவைக் குறைத்த ஒரே வைத்தியம் இது. மாதம் முந்நூறு ரூபாய் மிச்சம்.

மூச்சுக்கு வருவோம். ஆபீஸ் நாற்காலியிலேயே, எதிரே கட்சிக்காரர் (கிளையன்ட்) உட்கார்ந்திருக்கும்போதே செய்ய முடிந்தது இது ஒன்றுதான். சாதாரணமாக நிமிஷத்துக்கு 12 முதல் 20 மூச்சு விடுகிறோம். அதை 6 அளவுக்கு இறக்கினால், முக்கியமாக வெளிமூச்சை நீட்டினால், இதயத் துடிப்பு இறங்குகிறது. 2001-இல் இத்தாலியில் ஓர் ஆய்வு நடந்தது. லத்தீனில் ஜெபமாலை சொன்னாலும், 'ஓம் மணி பத்மே' மந்திரம் சொன்னாலும் மூச்சு நிமிஷத்துக்கு ஆறு என்ற கணக்குக்கே வந்து நின்றது. கந்தசஷ்டிக்கு வீட்டில் இழுத்து இழுத்துப் பாடும் அம்மாக்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. 2023-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், தினம் 5 நிமிஷம் வீதம் ஒரு மாதம், சில வகை மூச்சுகளையும் கவனத் தியானத்தையும் ஒப்பிட்டார்கள். மூக்கால் இழுத்து, அதன் மேலேயே இன்னும் கொஞ்சம் இழுத்து, வாயால் நீளமாக விடும் பெருமூச்சுப் பயிற்சி செய்தவர்களுக்கு மனநிலை அதிகம் தேறியிருந்தது. நான் செய்வதும் அதுதான். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும் நேரம் இதற்கென்றே வாய்த்த மாதிரி இருக்கிறது.

ஆனால் அது அந்த நேரத்துக்குத்தான். பத்து நிமிஷம் கழித்து அடுத்த போன் வந்தால் தோள் மறுபடி ஏறிவிடும். இன்னொன்றும் உண்டு. சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே பயம் கூடுகிறது. வேக வேகமாக விட்டு விரல் மதமதத்து, தலை சுற்றும். அவர்களுக்கு மூச்சை விட்டுவிட்டுத் தசையைப் பிடிப்பதே மேல். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற சிகாகோ மருத்துவர் சுமார் நூறு வருஷம் முன்பு சொல்லிக் கொடுத்த முறை. பாதத்தில் தொடங்கி முகம் வரை ஒவ்வொரு தசையாக ஐந்தாறு நொடி இறுக்கி, பிறகு சட்டென்று விட்டு, விட்டது எப்படியிருக்கிறது என்று கொஞ்ச நேரம் கவனிப்பது. தளர்த்து என்றால் எனக்குத் தளர்த்தத் தெரியாது. இறுக்கி விட்டால்தான் தெரிகிறது. இரவு 3 மணி முழிப்புக்கும் தாடைக்கும் என் அனுபவத்தில் இது மூச்சைவிட நன்றாகக் கேட்கிறது. பாதி நாள் தொடை வருவதற்குள் தூங்கிவிடுவேன். பகலில் ஆபீஸில் செய்தால் பக்கத்து மேஜைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார்.

நடை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம், மிதமான வேகத்தில். அதாவது ஐந்து நாள், அரை மணி. மூச்சுப் பயிற்சியின் பலன் உடனே தெரியும், நிலைக்காது. நடையின் பலன் உடனே அவ்வளவாகத் தெரியாது, நிலைக்கும். மேலே சொன்ன புலிக்கதையை எடுத்துக்கொண்டால், ஓடுவதற்குத் தயாரான உடம்புக்கு ஓடக் கொடுப்பது இது ஒன்றுதான். எனக்கு மூன்றாவது வாரம்தான் வித்தியாசம் தெரிந்தது: 9ஆம் தேதி 'க' விழவில்லை, 10ஆம் தேதி விழுந்தது. ஒரு நாள்தான் தள்ளிப்போயிருக்கிறது, ஆனால் எனக்கு அது பெரிய விஷயம். நாய், லாரி, சாயப்பட்டறை வாடை, மழை என்று தடைகள் எல்லாம் உண்மைதான். 10, 11 தேதிகளில் நடக்கவே முடிவதில்லை என்பதும் உண்மை. முதலில் அதற்காக என்னையே நொந்துகொண்டேன். இப்போது விட்டுவிட்டேன். அந்த இரண்டு நாளையும் மீதி இருபத்தெட்டு நாள் நடைதான் தாங்குகிறது.

யோகா வகுப்பு நல்லதுதான். தானாகச் செய்ய மாட்டாதவர்களுக்கு, பணம் கட்டிவிட்டோமே என்ற எண்ணமும் 'நேத்து வரலியே' என்று கேட்கும் ஆசிரியரும் பாதி வைத்தியம். காலை 6 மணி வகுப்புக்கு நான் இரண்டு மாதம் கட்டி ஒன்பது நாள் போனேன். என் மனைவி அதே வகுப்புக்கு இன்னும் போகிறாள்.

வாட்ச்சைப் பற்றித் தம்பியிடம் வாக்குவாதமே நடந்தது. அது மணிக்கட்டில் ஒளியைப் பாய்ச்சி நாடித்துடிப்பைப் படிக்கிறது. இரண்டு துடிப்புக்கு நடுவே உள்ள இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்பதை வைத்து 'ஸ்ட்ரெஸ்' என்று ஓர் எண்ணைக் காட்டுகிறது. அந்த எண்ணுக்குக் கவலையும் தெரியாது, சந்தோஷமும் தெரியாது. கிரிக்கெட்டில் கடைசி ஓவர் பார்த்தபோது அவன் கையில் 'அதிக அழுத்தம்' என்று வந்தது. அவன் அப்போது துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தான். தூக்க எண் சரியில்லை என்ற கவலையிலேயே தூக்கம் கெடுகிறவர்களும் இருக்கிறார்கள். 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதற்கு 'ஆர்த்தோசோம்னியா' என்று பேரே வைத்தார்கள். தன் உடம்பில் எதுவுமே தெரியாத ஆளுக்கு, உட்கார்ந்தே இருக்கிறாய் எழுந்திரு என்று மணிக்கட்டில் அதிர்வதற்காக வேண்டுமானால் வாங்கலாம். எனக்குத் தோளைப் பார்த்துச் சொல்ல வீட்டில் ஆள் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. இதை யாரும் வைத்தியம் என்று சொல்வதில்லை: வலி வரும் இடத்தை விட்டுவிட்டு, அது கிளம்பும் இடத்துக்குப் போவது. காலண்டரை எடுத்துக்கொண்டு ஆடிட்டர் சாரிடம் போனேன். 'க' எழுத்தைக் காட்டவில்லை, தேதியைத்தான் காட்டினேன். "5ஆம் தேதிக்குள்ள பில் வந்துட்டா 9ஆம் தேதியே ஜிஎஸ்டிஆர்-1 முடிச்சிடலாம் சார்." கட்சிக்காரர்களுக்கு ஒரு செய்தி அனுப்பினோம்: 5ஆம் தேதிக்குப் பிறகு வரும் பில்லால் தாமதமானால், நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் உங்கள் கணக்கில். "ஏனுங்க, இத்தன வருஷமா இல்லாதது" என்று இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். பாதிப் பேர் சரியாக அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். மீதிப் பேர் இன்னும் 10ஆம் தேதி மாலைதான். மேலே சொன்ன எல்லாவற்றிலும் அதிகப் பலன் கொடுத்தது இதுதான். ஆனால் எல்லோராலும் முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஷிஃப்ட்டில் தையல் மெஷினில் உட்காருபவர் யாரிடம் போய்க் காலண்டரைக் காட்டுவார்?

ஆக, ஒன்றுதான் தொடங்க முடியும் என்று ஒருவர் கேட்டால் நான் எதைச் சொல்வேன்? முதலில் எப்போது வருகிறது என்று கேட்பேன். வேலை நடுவில் படபடப்பும் உள்ளங்கை ஈரமும் என்றால் மூச்சு. படுக்கையில் என்றால் இரவு டீயை நிறுத்திவிட்டு, தசை இறுக்கித் தளர்த்துவது. தேதி இல்லாமல் நேரம் இல்லாமல் எப்போதும் ஒரு பாரம் என்றால் நடை. வயிறு என்றால் மதியச் சாப்பாட்டு நேரத்தை 1 மணிக்குக் கொண்டுவந்துவிட்டு அப்புறம் பேசலாம். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டவில்லை, அழுகை வருகிறது, சாப்பாடு இறங்கவில்லை என்றால் இந்தக் கட்டுரை போதாது. 14416-க்குக் கூப்பிடலாம். மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனைச் சேவை அது. 2022 அக்டோபரில் தொடங்கியது, எந்நேரமும் உண்டு, காசில்லை, தமிழிலேயே பேசலாம்.

இந்த மாதக் காலண்டர் எதிரே தொங்குகிறது. இன்று 10ஆம் தேதி. 9-இல் ஒன்றுமில்லை. மூன்று கம்பெனி பில் இன்னும் வரவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இடது தோள் மட்டும் மேலே போயிருக்கிறது, இப்போதுதான் கவனித்தேன். ஒரு 'க' போட்டுவிட்டு, வந்தவரை பில்லைப் பதிவு செய்ய வேண்டும்.